மாடு கட்டிய ஆணி

போன மாசியில் வேல்ராஜ் இறந்தபோது அவன் வீட்டுப் பந்தலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் நல்லதாகத்தான் பேசினார்கள். கை சுத்தம், வாய் சுத்தம், குடி கிடையாது என்றார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். "என்ன செய்ய, ஒரு நிலையத் தலைகீழா வச்சுப்புட்டான். அதோட தொழில் போச்சு." இதை என் காதுபட ஐந்து பேராவது சொல்லியிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு வராத வேலை, என் மனைவி ருக்ஸானாவைக் கேட்டால் சொல்வாள். ஆனாலும் நாலு வருடம் மூடிக்கொண்டிருந்தேன். ஒருவன் நம்பிச் சொன்னது அமானிதம், அதைச் சிந்தக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். இப்போது அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது. எனக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது, அவிழ்த்தது வேறு ஒருவர்.

திருவாடானையிலிருந்து தொண்டி போகும் சாலையில் எனக்கு ஒரு மரமில் இருக்கிறது. இஃப்திகார் பாய் மில் என்றால் யாரும் கை காட்டுவார்கள். வருவதில் முக்கால்வாசி வேம்பு, மிச்சம் பூவரசும் வாகையும். வேல்ராஜ் எனக்கு அங்கேதான் பழக்கம். நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். யாருக்கு யார் பெண் கொடுத்தது என்று ருக்ஸானா கேலி செய்வாள்.

அவன் ஆசாரி வீட்டில் பிறந்தவன் இல்லை. மானாவாரி நெல்லும் மிளகாயும் போட்ட சம்சாரி வீட்டுப் பிள்ளை. இருபத்தொரு வயதில் கத்தார் போய், தோஹாவில் பெரிய வீடுகளுக்கு மரவேலை செய்யும் பட்டறையில் பலகை தூக்கும் ஆளாகச் சேர்ந்தான். பதினாலு வருடம் கழித்துத் திரும்பும்போது தச்சனாகத் திரும்பினான். அங்கே அவன் கையில் அதிகம் புழங்கியது வால்நட் மரம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருமாம், வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அதில் உள்ளங்கை அளவு ஒரு துண்டைக் கொண்டுவந்து தன் பட்டறை மேசையில் வைத்திருந்தான். எந்த மரம் அறுத்தாலும் அதன் பக்கத்தில் இந்தத் துண்டை வைத்து, இரண்டிலும் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பான். நாளைக்கு எண்ணெய் பூசினால் என்ன நிறம் வருமோ அது இன்றைக்கு எச்சிலிலேயே தெரிந்துவிடும் என்பான்.

"நம்ம வாகைக்கும் இதுக்கும் ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்ல மாப்ள. வெள்ளக்காரன் வாகைக்கு வச்ச பேரே கிழக்கிந்திய வால்நட்தான். நம்ம ஆளுகதான் அதை வெறகுன்னு நெனைக்கிறாக."

"அப்ப ஒரு கப்பல் வாகைய அமெரிக்காவுக்கு ஏத்திவிடு. நான் அறுத்துத் தாரேன்" என்பேன்.

அவன் செய்த கட்டிலையும் பீரோவையும் ஊரில் வாங்கிக்கொண்டார்கள். தலைவாசல் நிலையை மட்டும் கொடுக்கவில்லை. நிலை என்பது இந்தப் பக்கத்தில் வெறும் மரச்சட்டம் இல்லை. அதற்கு நாள் பார்க்க வேண்டும், தேய்பிறையில் மரம் வெட்ட வேண்டும், அடியில் நவதானியமும் பொன் பொட்டும் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படியே நிலைக்காலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே. மாற்றி வைத்தால் அந்த வீட்டுத் தலைவருக்கு ஆகாது என்பார்கள். இழைத்து முடித்த மரத்தில் அடி எது நுனி எது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாது. தச்சனை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நம்பிக்கையைச் சம்சாரி வீட்டுப் பையனிடம் கொடுக்க ஊருக்கு ஒன்பது வருடம் பிடித்தது. கொடுத்த பிறகு வேல்ராஜ் வைத்த நிலைகள் இருபத்தாறு. ஒவ்வொன்றிலும், மரம் என் மில்லுக்கு வந்த நிமிடமே சிவப்புப் பென்சிலால் அடிப்பக்கத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவான். அறுக்க அறுக்க ஒவ்வொரு பலகையிலும் அந்தக் கோடு வரும். கோடு போடாத துண்டை நான் ரம்பத்தில் ஏற்றினால் சண்டைக்கு வருவான்.

இருபத்தேழாவது நிலைதான் கூத்தையா அண்ணன் வீட்டு நிலை.

கூத்தையா அண்ணன் நிலபுலன் உள்ள மனிதர். ஊர் பெயர் வேண்டாம், கண்மாய்க்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் பிரபாகரனுக்குக் கல்யாணம் பேசுவதற்கு முன்னால் புது வீடு கட்டிவிட வேண்டும் என்று கிளம்பினார். எட்டடி நிலை வேண்டும், அதுவும் தன் சொந்த மரத்தில் வேண்டும் என்றார். அவர் கொல்லையில் மூன்று வாகை நின்றன. மரம் பார்க்க வேல்ராஜ் என்னையும் கூட்டிப் போனான்.

கரைமேல் நின்றது பெரிய மரம். அண்ணனுக்கு அதுதான் ஆசை. வேல்ராஜ் அதைச் சுற்றிவந்து, கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். உள்ளே பொந்து, மேலே கிளி குடியிருக்கிறது, வேண்டாம் என்றான். இரண்டாவது மரம் கிழக்கே சாய்ந்து வளர்ந்தது. சாய்ந்த மரம் அறுத்த பிறகும் சாயத்தான் பார்க்கும், பலகை முறுக்கிக்கொள்ளும் என்று அதையும் தள்ளினான். மூன்றாவது கிணற்றடியில் நின்றது. அவ்வளவு பருமன் இல்லை, ஆனால் நேராக, பத்தடிக்குக் கிளையில்லாமல் போயிருந்தது. பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளைக்கு உள்ளே வைரம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தான். "இதுதாண்ணே" என்றான்.

அந்த மரம் என் மில்லுக்கு வந்த அன்று என் ரம்பம் உடைந்தது. அடியிலிருந்து ஒரு முழம்கூட அறுத்திருக்க மாட்டேன், 'டங்' என்று ஒரு சத்தம், பொறி பறந்தது, புது ரம்பம் பல் தெறித்து அறுந்து விழுந்தது. மரத்துக்குள் கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்பு ஆணி. மரம் வளர்ந்து அதை முழுங்கியிருந்தது. நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கூத்தையா அண்ணன் சிரித்தார்.

"கோவிக்காத தம்பி. எங்க செவலையக் கட்டுன ஆணி. பசுவும் போயி எட்டு வருசமாச்சு, ஆணிய மறந்தே போனேன்."

ஆணியைச் சுற்றி மரம் கன்னங்கரேலென்று கறுத்துப் போயிருந்தது. வாகையின் துவர்ப்பும் இரும்புத் துருவும் சேர்ந்தால் அப்படித்தான் மை பிடிக்கும். வால்நட்டிலும் இதே கதைதான் என்றான் வேல்ராஜ். ஆணியைப் பிடுங்கி, துளையை அடைத்து, கறையை ஆசிட் வைத்து வெளுக்க வைக்கலாம், தோஹாவில் நிறையச் செய்திருக்கிறேன் என்றான்.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்ப்பா. அது பாலு குடிச்சு வளந்தவன்தான் பிரபாகரன்" என்றார். கறை இருந்த பலகை இடப்பக்கத்து நிலைக்காலுக்கு ஒதுங்கியது. அளவெடுத்தபோது அது படிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்தது.

பலகைகளின் இரண்டு முனையிலும் மெழுகு பூசி, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, பதினாலு மாதம் நிழலில் காயப்போட்டான். கூத்தையா அண்ணன் வாரம் ஒருமுறை வந்து அவசரப்படுத்துவார், இவன் அசைய மாட்டான். காய்ந்த பிறகு வெள்ளையை ஒரு நூல்கூட விடாமல் சீவித் தள்ளினான். அதில்தான் வண்டு விழும். வாகையின் நார் ஒரு பக்கமாக ஓடாது, முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும், இழைப்புளியை அழுத்தினால் பிய்த்துக்கொண்டு வரும். அவன் உளியைத் தீட்டத் தீட்ட, சுருள் வெங்காயத் தோல் மாதிரி வரும். கடைசியில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, மூன்று தரம் உப்புத்தாள் போட்டான். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. அந்த இரண்டு மாதமும் அவன் பட்டறைக்கு வழி கேட்க வேண்டாம், தும்மல் சத்தத்தை வைத்தே போய்விடலாம். இந்தத் தூள்தான் அவன் நெஞ்சைத் தின்றது என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

பளபளவென்று வார்னிஷ் அடிக்கச் சொன்னார் அண்ணன். கடற்காற்றில் வார்னிஷ் இரண்டு வருடத்தில் உரியும், எண்ணெய்தான் மரத்துக்குள் போகும் என்று இவன் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தான். ஒரு கை தேய்த்துவிட்டு மூன்று நாள் விடுவான், மறுபடி தேய்ப்பான். ஆவணியில் நிலை வைத்தார்கள். கூத்தையா அண்ணன் மனைவி ஈஸ்வரி அக்கா மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். வெயில் பட்டதும் அந்த மரம் உள்ளுக்குள்ளிருந்து சிவந்து தெரிந்தது. நான் ரம்பம் போன கோபத்தை அன்றைக்குத்தான் விட்டேன்.

தையில் குடி புகுந்தார்கள். வைகாசியில் பிரபாகரனுக்குக் கல்யாணம். பெண் ஜோதிகா, சாயல்குடிப் பக்கம், நர்சிங் படித்த பிள்ளை. ஆனி மாதம் இருபதாம் தேதி, காலையில் வயலுக்குப் போன கூத்தையா அண்ணன் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. ஐம்பத்தெட்டு வயது. அவர் பிறந்த ஊரே திரண்டு வந்து அழுதது, நானும் அழுதேன்.

ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஜோதிகாவையும் அனுப்பினார்கள். ஆடி முடிந்தது, ஆவணி முடிந்தது, கூப்பிட யாரும் போகவில்லை.

புரட்டாசியில், மழைக்கு முன்னால் நிலைக்கு ஒரு கை எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று வேல்ராஜ் கிளம்பினான். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அது. என் வண்டியில்தான் போனோம். வீட்டில் ஈஸ்வரி அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் தங்கை மகேஸ்வரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. பிரபாகரன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேல்ராஜ் துணியை எண்ணெயில் நனைத்துக்கொண்டே கேட்டான். "மருமக இன்னும் வரலையா மதினி?"

மகேஸ்வரிதான் சொன்னது. "வந்து என்னத்துக்குண்ணே? அவ காலெடுத்து வச்சு நாப்பது நாள் ஆகல, எங்கண்ணன வாரிக் குடுத்தாச்சு. இன்னும் யாரை வாரிக் குடுக்கணும்?"

"அவ வந்த நேரம்" என்றார் ஈஸ்வரி அக்கா. அழாமல், தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு அவளப் பாக்கவே முடியல."

பிரபாகரன் அம்மாவைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், மறுபடி போனுக்குள் போய்விட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்சிங் படித்த பிள்ளை அன்றைக்கு வயலில் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மனிதரின் நெஞ்சைத் தொட்டாவது பார்த்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். வேல்ராஜ் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

அவன் இடப்பக்கத்துக் காலுக்கு மேலிருந்து கீழாக எண்ணெய் தேய்த்தான். அந்தக் கறுப்புக் கறைக்கு வந்ததும் குந்தி உட்கார்ந்து அதைச் சுற்றித் தேய்த்தான். ரொம்ப நேரம் தேய்த்தான். பிறகு எழுந்து துணியைப் படியில் வைத்தான்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பிள்ள மேல ஒண்ணும் இல்ல. தப்பு என்மேல."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நெலையத் தலைகீழா வச்சுப்புட்டேன். ரெண்டு காலும் அடி மேல போயிருச்சு. கோடு அழிஞ்சிருந்துச்சு, நான் கவனிக்கல. எண்ணெ தேய்க்கிறப்ப இப்பத்தான் ரேகையப் பாத்தேன்."

என் வாய் திறந்தபடி நின்றது. பிரபாகரன் போனைக் கீழே போட்டுவிட்டு வந்து அவன் சட்டையைப் பிடித்தான். மூன்று மாதமாக யார்மேலும் காட்ட முடியாத கோபம் அந்தப் பிள்ளைக்கு. "எங்கய்யாவக் கொன்னுட்டீங்களேய்யா" என்று உலுக்கினான். வேல்ராஜ் கையைத் தூக்கவில்லை. "ஆமாப்பா" என்றான். மகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு, சம்சாரி கையில உளியக் குடுத்தா இப்பிடித்தான் ஆகும் என்று தெரு கேட்கக் கத்தியது.

ஈஸ்வரி அக்கா மட்டும் அசையவில்லை. நிலையையே பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு சொன்னார்: "திருப்பி வச்சுத் தாங்க. வச்சதும் அவளக் கூட்டியாரச் சொல்றேன்."

திரும்பும் வழியில் சின்னக்கீரமங்கலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஏலே, உனக்கு என்ன பைத்தியமா? என் ரம்பத்த ஒடச்ச ஆணி அடியிலதான இருந்துச்சு? கற படிக்கு மேல ஒரு சாண்ல இருக்கு. நெல நேரா இருக்குலே."

"நேராத்தான் இருக்கு."

"பெறகு?"

"வேற என்ன சொல்லச் சொல்ற மாப்ள? நேரங்காலமெல்லாம் பொய்யின்னு சொன்னாக் கேப்பாகளா? அவுக நம்புறதுலயிருந்துதான் ஒரு காரணம் குடுக்க முடியும்."

"இனிமே எவன் உனக்கு நெல குடுப்பான்?"

அதற்கு அவன் தன் அக்கா சுகந்தியைப் பற்றிச் சொன்னான். சுகந்தி அக்கா பிறந்த வீட்டிலேயே இருப்பவர் என்று எனக்குத் தெரியும், காரணம் தெரியாது. கட்டிக்கொடுத்த வீட்டில் அடுத்தடுத்து இரண்டு மாடு செத்ததாம். வந்த நேரம் என்று ஆடிக்கு அனுப்பினார்களாம். "முப்பது வருசமாச்சு. இன்னும் ஆடி முடியல எங்க அக்காவுக்கு" என்றான். "எங்களுக்குன்னு அப்ப ஒருத்தரும் வந்து பொய் சொல்லல மாப்ள."

"அந்த ஆணி ஈஸ்வரி அக்காவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். கேக்கல."

அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஐப்பசி முதல் வாரத்தில் நிலையைப் பிரித்தான். அவனுக்குத் துணையாக நான்தான் போனேன், வேறு யாரும் வரவில்லை. ஒரு நிலைக்காலை அதே பக்கத்தில் தலைகீழாக நிறுத்த முடியாது, கதவு உட்காரும் பள்ளம் பின்னால் போய்விடும். இடக்காலை வலப்பக்கமும் வலக்காலை இடப்பக்கமும் மாற்றினால்தான் ஒத்துவரும். சுவரை உடைத்து, காலைக் கழற்றித் தரையில் படுக்க வைத்ததும், அதன்மேல் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்துவிட்டான். வாழ்நாளில் ஒரு முக்காலியின் காலைக்கூட நுனி கீழாக வைத்தவன் இல்லை. "மன்னிச்சுக்க" என்று சொன்னான். என்னிடம் இல்லை, மரத்திடம்.

பழைய கீல் பள்ளங்களை அதே வாகையின் சீவலை வைத்து அடைத்தான். நார் ஓட்டம் பார்த்து, நிறம் பார்த்து, எச்சில் தொட்டுப் பார்த்து வைத்தான். விரலால் தடவினால்கூட ஒட்டு தெரியாது. பொய்க்குச் செய்த வேலையிலும் அவனால் குறை வைக்க முடியவில்லை. முடித்து எண்ணெய் தேய்த்தபோது, படிக்கு மேலே ஒரு சாணில் இருந்த கறுப்புக் கறை ஏழடிக்கு மேலே வலப்பக்கத்தில் நின்றது. உலகத்தில் எந்தப் பசுவையும் அங்கே கட்ட முடியாது. நான் ஈஸ்வரி அக்கா முகத்தைப் பார்த்தேன். அவர் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பிரபாகரன் சாயல்குடிக்குக் கார் எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் ஜோதிகா அந்த நிலையைத் தாண்டி உள்ளே போனது. அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இதெல்லாம் நிலையைத் திருப்பியதால் வந்த நன்மை என்று மகேஸ்வரி போகிற இடமெல்லாம் சொன்னது. சொல்லச் சொல்ல வேல்ராஜ் பெயர் கெட்டது. பேசி வைத்திருந்த நாலு நிலைகள் கைமாறின. முன்னால் வைத்த இருபத்தாறு வீட்டுக்காரர்களில் சிலர் வந்து, எங்கள் நிலை சரியாக இருக்கிறதா என்று சத்தியம் கேட்டார்கள். ஒரு வீட்டில் கழற்றியே போட்டுவிட்டார்கள். அவன் மனைவி முருகலட்சுமி என் மில்லுக்கு வந்து, "உண்மையிலயே கோடு அழிஞ்சிருந்துச்சாண்ணே? இவரு அப்பிடி விடுற ஆளு இல்லையே" என்று கேட்டது. அன்றைக்கு நான் சொன்ன 'தெரியலம்மா' என் வாழ்நாளில் சொன்ன மோசமான பொய்.

அதன்பிறகு அவன் நாற்காலி, பள்ளிக்கூட பெஞ்சு, மீன்பெட்டிக்குப் பலகை என்று செய்தான். எதற்கும் குறை சொல்லவில்லை. மீன்பெட்டிப் பலகைக்கும் எச்சில் தொட்டுப் பார்ப்பான். இருமல் கூடிக்கொண்டே வந்தது. போன தையில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, தலைமாட்டில் அந்த வால்நட் துண்டு இருந்தது. வெயில் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. "மத்த மரம் வயசானாக் கறுக்கும், இது வெளுக்கும் மாப்ள" என்றான். மாசி நாலாம் தேதி போய்விட்டான்.

பந்தலில் நான் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேனில்லையா, அன்று மத்தியானம் ஈஸ்வரி அக்கா வந்தார். பெண்கள் கூட்டத்தில் யாரோ அந்தப் பழைய பேச்சை எடுத்தார்கள், நிலையத் தலைகீழா வச்சவரு என்று. அக்கா நின்றவாக்கிலேயே சொன்னார்.

"நெல நேராத்தான் இருந்துச்சு."

அவர் முருகலட்சுமியைப் பார்த்துத் திரும்பவும் சொன்னார். "அவரு நேராத்தான் வச்சாரு தாயி. எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொல்லல." சொல்லிவிட்டு சுகந்தி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். முருகலட்சுமி அவரைப் பார்த்தபடியே இருந்தது.

பதினாறாம் நாள் கழிந்து ஈஸ்வரி அக்கா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். வீட்டில் பிரபாகரன், ஜோதிகா, குழந்தை எல்லாரும் இருந்தார்கள்.

"தம்பி, நல்ல ஆளாப் பாத்துக் கூட்டியாங்க. நெலையப் பழைய மாதிரி திருப்பணும். ஊரக் கூட்டி வச்சுத் திருப்பணும்."

எனக்கு அடக்க முடியவில்லை. "அவன் உயிரோட இருக்கும்போது சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார். "வந்த நேரம்னு என் வாயாலயே சொல்லிப்புட்டேன். சொன்னத எப்பிடி முழுங்குறதுன்னு தெரியாமக் கெடந்தேன். அவரு வந்து ஒரு வழி காட்டுனாரு, புடிச்சுக்கிட்டேன். பெறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் நெனைப்பேன், இந்த வருசம் சொல்லிரணும்னு. சொன்னா இந்தப் பிள்ளைய மறுபடி ஏதாச்சும் சொல்லுவாகளோன்னு ஒரு சாக்கு. உண்மையச் சொன்னா, வெக்கம் தம்பி."

ஜோதிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கும் பந்தலில் சொன்ன பிறகுதான் தெரியும். நிலையை அண்ணாந்து பார்த்தது.

"திருப்ப வேணாம் அத்தை" என்றது. "நான் உள்ள வரணும்னு அவரு வச்சது. அப்பிடியே இருக்கட்டும்."

பிரபாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈஸ்வரி அக்கா எழுந்து நிலைப்படியில் ஏறி நின்றார். கிணற்றடியில் அந்த ஆணியில் இருபது வருடம் குனிந்து குனிந்து பசுவைக் கட்டி அவிழ்த்தவர் அவர்தான். வலக்கையை நீட்டினார். குதிகாலைத் தூக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் நீட்டினார். கறை மேலே இருந்தது. அவருக்கு எட்டவில்லை.